யாளிக்குச் சேணம் தைப்பது எப்படி?

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்குப் போகிறவர்கள் முதலில் கவனிப்பது தூண்களில் எழும் குதிரைகளைத்தான். பின்னங்கால்களில் ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கிய குதிரைகள்; முதுகில் வீரர்கள். சற்று நகர்ந்தால் அதே எழுச்சி, ஏறக்குறைய அதே அமர்வு, ஆனால் வீரனைச் சுமப்பது யாளி. பிதுங்கிய கண், கோரைப் பல், சுருண்ட பிடரி. விஜயநகரப் பேரரசின் கீழ் சின்ன பொம்மி நாயக்கர் வேலூரை ஆண்ட 16ஆம் நூற்றாண்டின் வேலை இது. குதிரையில் ஏறிச் சலித்த கற்பனை வேறொன்றில் ஏறப் பார்க்கும் ஆசை அப்போதே இருந்திருக்கிறது. இன்று அந்த ஆசை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை விளையாட்டுகளில் உயிரோடு இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவற்றுக்கு முன்னோடி. ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டி, ஒரு கற்பனை உலகில் பயணம் போகிறார்கள். பயணம் என்றால் வாகனம் வேண்டும். குதிரை எல்லோருக்கும் அலுத்துவிட்டது. அந்த விளையாட்டின் 2014 விதிப்புத்தகம் சவாரி மிருகத்துக்கு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: அது சுமக்க இசைய வேண்டும், சவாரி செய்பவரைவிட ஓர் அளவாவது பெரியதாக இருக்க வேண்டும், அதன் உடலமைப்பு சவாரிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதே புத்தகத்தின் விலைப்பட்டியலில் சாதாரணச் சேணம் 10 பொற்காசு. விசித்திர மிருகங்களுக்கான சேணம் 60. ஆறு மடங்கு வித்தியாசம். விலங்கியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இதைவிடச் சரியாகக் கணித்திருக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஒரு மிருகம் சவாரிக்கு உதவுமா என்பதை அதன் தலையோ கொம்போ சிறகோ முடிவு செய்வதில்லை. முதுகு முடிவு செய்கிறது, குணம் முடிவு செய்கிறது; அந்த முதுகுக்கும் மனித உடலுக்கும் நடுவே கிடக்கும் தோல் முடிவு செய்கிறது. தோலைப் பதப்படுத்தியே பிழைக்கும் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இதைச் சொல்வது பொருத்தம்.

குதிரையிலிருந்தே தொடங்கலாம். எல்லாச் சவாரி மிருகங்களுக்கும் அதுதான் அளவுகோல். லுடோவிக் ஓர்லாண்டோ தலைமையிலான ஆய்வுக்குழு 273 பழங்காலக் குதிரைகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து 2021இல் ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டது. இன்று உலகமெங்கும் உள்ள வீட்டுக் குதிரைகளின் மூதாதைகள் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியில் தோன்றி, கி.மு. 2000 வாக்கிலிருந்து மற்ற குதிரை இனங்களை ஓரங்கட்டிவிட்டுப் பரவின. அந்தப் பரவலின்போது இரண்டு மரபணுக்கள் அழுத்தமான தேர்வுக்கு உள்ளாகியிருந்தன. ஒன்று ஜிஎஸ்டிஎம்சி; மனிதர்களில் இது நாள்பட்ட முதுகுவலியோடும் தண்டுவடப் பிரச்சினைகளோடும் தொடர்புடையது. மற்றொன்று இசட்எஃப்பிஎம்1, மனநிலையையும் ஆக்ரோஷத்தையும் சீராக்கும் நரம்புச் செல்கள் வளர இது தேவை என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரும் மரபணுவைப் பார்த்துக் குதிரை வளர்க்கவில்லை. எது ஆளைச் சுமந்தும் தளராமல் நின்றதோ, எது உதைக்காமல் நின்றதோ அதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டார்கள். விளைவு முதுகிலும் குணத்திலும் பதிந்தது. நிறமோ பிடரியின் அழகோ அந்த முதல் வரிசையில் இல்லை.

எடைக் கணக்கு அடுத்தது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சிரமமில்லாமல் சுமக்கும் என்பது குதிரைப்படைகளின் பழைய நடைமுறை அறிவு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டுக் குதிரைகளின்மேல் அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமையை ஏற்றிப் பார்த்து 2008இல் வெளியிட்ட முடிவும் இதையே ஆதரிக்கிறது. 25 சதவீதத்தைத் தாண்டியபோது தசை வலியின் அறிகுறிகள் தெளிவாகக் கூடின. வீரர் 70 கிலோ, சேணம் 10 கிலோ என்றால் மிருகம் குறைந்தது 400 கிலோ இருக்க வேண்டும். ஆண் சிங்கம் ஏறத்தாழ 190 கிலோ. அதன் பங்கு 38 கிலோ, ஒரு பள்ளிச் சிறுவன் ஏறலாம். கோயில் வாகனங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியிலேயே விழுந்துவிடுகின்றன. விநாயகரின் பெருச்சாளியை ஒரு கிலோவிலிருந்து 400 கிலோவாக்கினால் நீளம் ஏழு மடங்குக்குச் சற்று மேல் கூடும். எலும்பின் குறுக்குப் பரப்பு 54 மடங்குதான் கூடும். எடையோ 400 மடங்கு. ஒவ்வொரு எலும்பும் முன்பைவிட ஏழு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உருவம் பெருக்கும்போது எலும்பு விகிதம் மாறியே தீர வேண்டும் என்று கலிலியோ 1638இலேயே விளக்கிவிட்டார். ஆகவே அந்தப் பெருச்சாளி பெருச்சாளியாகவே இருக்காது, தடித்த கால்களோடு நீர்யானையைப் போல ஆகிவிடும். முருகனின் மயில் நான்கு முதல் ஆறு கிலோ. பறந்தவற்றில் மிகப் பெரியதான குவெட்சல்கோட்லஸ் என்ற ஊர்வனவுக்கே சிறகு விரிப்பு 10 மீட்டர், எடை 250 கிலோவுக்குள் என்றுதான் கணிக்கிறார்கள். பறக்கும் வாகனங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எடைச் சிக்கலை ஒரு கற்பனைக் கோடு தீர்த்துவிடும்: யாளி 400 கிலோ என்று எழுதிவிட்டால் போதும். முதுகுச் சிக்கல் அப்படித் தீராது. குதிரையின் மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகள், இடுப்பில் பெரும்பாலும் ஆறு. அவை ஒன்றோடொன்று இறுகப் பூட்டியவை. நாலுகால் பாய்ச்சலிலும் பெரிய வளைவு இடுப்பும் திரிகமும் சேரும் ஒரே மூட்டில்தான் நடக்கிறது. அதற்கு முன்னால், ஆள் உட்காரும் இடம் கிட்டத்தட்ட ஒரு பலகை. பூனைக் குடும்பம் நேரெதிர். மில்டன் ஹில்டபிராண்ட் 1959இல் சிவிங்கிப்புலியின் ஓட்டத்தையும் குதிரையின் ஓட்டத்தையும் படச்சுருளில் பிடித்து ஒப்பிட்டார். சிவிங்கிப்புலியின் முதுகெலும்பு ஒவ்வொரு பாய்ச்சலிலும் வில்லைப் போல வளைந்து நிமிர்கிறது. அதன் வேகத்தில் ஒரு பங்கே அந்த வளைவிலிருந்து வருகிறது. அந்த வில்லின் நட்டநடுவில் சேணத்தின் மரச்சட்டத்தை வைத்தால், முதுகு குழியும்போது சட்டத்தின் இரு முனைகளும் சதையில் குத்தும், முதுகு எழும்பும்போது நடுப்பகுதி குத்தும். சரி, தோள்மேல் உட்காரலாமா? பூனையின் தோள்பட்டை எலும்புகள் நடையிலேயே முதுகுக்கு மேலே எழுந்து எழுந்து தாழ்கின்றன. பதுங்கி நடக்கும் பூனையைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு மேடுகளும் தெரியும். அங்கேயும் இடமில்லை. வயிறு இன்னொரு தொல்லை. புல் தின்னும் மிருகத்துக்குப் பெரிய குடல், அதனால் பீப்பாயாக விரிந்த விலா. அந்த விரிவுக்கு முன்னால் வயிற்றுவாரைக் கட்டினால் அது பின்னுக்கு நழுவாமல் நிற்கும். இறைச்சி தின்னும் மிருகத்தின் வயிறோ பின்னால் போகப் போக ஒடுங்கும். வாரை எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டத்தில் அது ஒடுங்கிய பக்கமே நகரும், சேணமும் கூடவே போகும்.

வாய்க்குள்ளும் இதே கதைதான். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெறும் ஈறாக ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காருகிறது; நான்காயிரம் ஆண்டுக் குதிரைச் சவாரியின் நுட்பமெல்லாம் அந்த விரல் நீள ஈறை நம்பியே வளர்ந்தது. சிங்கத்துக்கும் கோரைப் பல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அடுத்து நிற்பவை கத்தரிக்கோலைப் போல் உரசி மூடும் கடைவாய்ப் பற்கள். தோல்வார் அங்கே ஒரு நாள் தாங்காது. நம் ஊர் வண்டிக்காரர்கள் காளைக்குப் பூட்டும் மூக்கணாங்கயிறுதான் யாளிக்கும் வழி. துதிக்கை உள்ள யாளி என்றால் அதுவும் சரிவராது. யானைப்பாகனைப் போலக் கழுத்தில் உட்கார்ந்து காதுக்குப் பின்னால் கால்விரலால் அழுத்தி ஓட்ட வேண்டும், கையில் அங்குசம் இருக்க வேண்டும்.

இனி தோலுக்கு வருவோம். மொத்த 80 கிலோ எடையும் 400 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், முதுகுத் தோல்மேல் அழுத்தம் சுமார் 147 மில்லிமீட்டர் பாதரசம். சேணத்தின் மரச்சட்டம் அதையே 1,200 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் 49. மனிதத் தோலின் நுண்குழாய்களில் ரத்த அழுத்தம் 32 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அதற்கு மேலான அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் ரத்தம் நிற்கும், தோல் புண்ணாகும். விலங்கின் தோலும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். இது நின்றுகொண்டிருக்கும்போதைய கணக்கு. குதித்தோடும் நடையில் ஒவ்வோர் அடியிலும் உச்ச அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். நல்ல சேணத்தோடேகூட நிலைமை விளிம்பில்தான் இருக்கிறது என்பதால்தான் குதிரைப்படையினர் நெடும்பயணத்தில் இடையிடையே இறங்கி நடந்தார்கள். ஆகவே சேணம் ஒரு சொகுசு இருக்கை என்று நினைப்பது தவறு. அது மிருகத்தின் ரத்த ஓட்டத்தைக் காக்கும் கருவி. அந்தக் கருவிக்கு எந்தத் தோல் என்பதில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரிந்த ஒரு வேறுபாடு வருகிறது. ஆவாரம் பட்டையிலும் வாட்டில் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோல் கனமாக, விறைப்பாக வரும். பட்டையின் துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளின் இடுக்குகளில் போய் நிறைந்துகொள்கிறது. ஈரமாக்கி ஒரு வடிவத்தின்மேல் அழுத்தி உலரவிட்டால் அந்த வடிவத்தை அது பிடித்துக்கொள்ளும். குரோம் போட்ட தோல் டிரம்மிலிருந்து வெளிர்நீலமாக இறங்கும். குரோமிய அயனிகள் கொலாஜனின் அமிலக் குழுக்களைக் குறுக்கே பிணைப்பதால் கொதிநீரையும் தாங்கும், ஆனால் மெத்தென்று நெகிழும். காலில் ஒவ்வோர் அடிக்கும் மடங்கி நிமிரும் ஷூவின் மேல்தோலுக்கு அந்த நெகிழ்வுதான் வேண்டும். இந்த வட்டாரம் ஷூ தோலில் பேர் எடுத்ததற்கும் சேணத் தொழில் கான்பூரில் வேரூன்றியதற்கும் இடையே நிற்கும் தொழில்நுட்பக் கோடு அது. ஒரே தோலிலும் இடத்துக்கு இடம் குணம் மாறும். முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். இரு விரலால் பிடித்து இழுத்தால் நீளாது. வயிற்றுப் பக்கம் இழைகள் தளர்ந்து படுத்திருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் முழுதாகத் திரும்பாது. சேணம் செய்பவர் வாரை முதுகுக் கோட்டுக்கு இணையாக வெட்டுவதற்குக் காரணம் இதுதான்.

சேணத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது மிகையோ என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒட்டகத்தின் வரலாறு பதில் சொல்லும். ரிச்சர்ட் புல்லியட் 1975இல் எழுதிய ஒட்டக வரலாற்றில், கி.மு. 500க்கும் 100க்கும் இடையில் வட அரேபியாவில் உருவான ஒரு புதிய சேணத்தைப் பற்றி விரிவாக வாதிடுகிறார். அதற்கு முந்தைய சேணங்களில் ஆள் திமிலுக்குப் பின்னால் சரிந்து உட்கார்ந்தார். புதியதில் திமிலுக்கு முன்னும் பின்னும் இரண்டு மரவளைவுகள், அவற்றை இணைக்கும் சட்டம். எடை திமிலைத் தொடாமல் விலாக்களில் இறங்கியது, வீரர் உயரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து வாளும் ஈட்டியும் வீச முடிந்தது. நறுமணப் பொருள் வணிகத்தின் லகான் பாலைவன மக்களின் கைக்கு மாறியதில் இந்தச் சேணத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது அவர் முடிவு. ஒட்டகம் அன்றும் இன்றும் அதே ஒட்டகம்தான். மாறியது மரமும் தோலும் மட்டுமே.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். யானை, தீக்கோழி என எல்லாவற்றிலும் மனிதன் ஏறத்தான் செய்திருக்கிறான். குதிரை முதுகு இல்லாமலேயே காரியம் நடந்திருக்கிறதே? நடந்திருக்கிறது, ஆனால் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். யானையின் முதுகெலும்பில் முட்கள் மேல்நோக்கித் துருத்தியவை. எப்போதும் ஏறியிருக்கும் பாகன் முதுகைத் தவிர்த்துக் கழுத்தில் உட்காருகிறார். முதுகில் அம்பாரி கட்டும்போது அடியில் கனத்த மெத்தை போட்டு எலும்பைக் காக்க வேண்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் அவுட்ஷோர்ன் பண்ணைகளில் தீக்கோழிச் சவாரி சுற்றுலா வேடிக்கையாக இருந்தது. பறவையின் இடுப்பு எலும்புகள் ஒன்றாக இணைந்து இறுகியிருப்பதால் முதுகு நன்றாகவே இருக்கிறது. ஆனால் 100 முதல் 130 கிலோ எடையில் அதன் நியாயமான சுமை 26 கிலோவைத் தாண்டாது. சில நிமிட ஓட்டத்தைப் பயணம் என்று சொல்ல முடியாது. வரிக்குதிரைக்கு எடையும் முதுகும் ஓரளவு உண்டு, இசைவு இல்லை. வால்டர் ராத்ஸ்சைல்டு லண்டன் வீதிகளில் வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி ஓட்டிக் காட்டினார். இருந்தும் அவை வீட்டு மிருகமாகவில்லை. குழுவாக வாழ்வது மட்டும் போதாது, குழுவுக்குள் ஒரு தலைமையைப் பின்பற்றும் பழக்கமும் பதறாத மனமும் வேண்டும் என்று ஜாரெட் டயமண்ட் 1997இல் எழுதினார். குதிரை தன் கூட்டத்தின் தலைமைக் குதிரைக்குக் காட்டும் கீழ்ப்படிதலையே மனிதனுக்கும் காட்டுகிறது.

மற்றொரு மறுப்பு, கற்பனை உலகில் மாயம் இருக்கும்போது இந்த அறிவியல் எதற்கு என்பது. மாயத்தால் எல்லாம் முடியும் என்றால் சவாரி மிருகமே வேண்டியதில்லை; கதாபாத்திரம் நினைத்த இடத்தில் தோன்றிவிடலாம். பயணம் என்ற ஒன்றை ஆட்டத்தில் வைத்த உடனேயே தூரம், களைப்பு, எடை, தீனி எல்லாம் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. அவை வந்தால்தான் மிருகத்துக்கு ஆளுமை வருகிறது. வேலூர் மண்டபத்துச் சிற்பியும் இதே வழியில்தான் போயிருக்கிறார் என்பது என் கருத்து. அவர் உயிரியல் படித்தவர் இல்லை. சவாரியைக் கண்ணால் பார்த்தவர். அக்காலத்தில் நல்ல போர்க்குதிரையே இங்கு ஓர் அயல்நாட்டு விசித்திரம். 1530களில் விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் ஃபெர்னாவ் நூனிஸ், அரசர் ஆண்டுதோறும் 13,000 குதிரைகளை வாங்கியதாக எழுதுகிறார். சிறந்தவை ஹோர்முஸிலிருந்து கடல் தாண்டி வந்தவை. பாண்டிய நாட்டுக்குக் கப்பலில் வந்த குதிரைகள் பராமரிக்கத் தெரியாமல் மடிந்ததை மார்க்கோ போலோ அதற்கும் முன்னரே பதிவு செய்திருந்தார். அவ்வளவு விலை கொடுத்து வந்த மிருகத்தின்மேல் மனிதர் எப்படி உட்காருகிறார் என்பது சிற்பியின் கையில் ஏறியிருக்கும். அதனால்தான் யாளிக்கு முகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றினார்; ஆள் உட்காரும் இடத்தில் மட்டும் குதிரைத் தூணிலிருந்து அதிகம் விலகவில்லை. பயணம் போகக்கூடிய யாளி வேண்டும் என்பவர்களுக்கு இதுவே நல்ல வரைபடம்: சிங்க முகம், குதிரை நடுவுடல், கத்தரிக்கும் பற்களைத் தவிர்க்கும் மூக்குக்கயிறு. புல் தின்னட்டும். அந்த உடலுக்கு இறைச்சி போட்டுக் கட்டுப்படியாகாது.

ஆனால் கோயில் வாகனங்களில் உண்மையாகவே ஏறிப் போகத் தகுந்தது எது என்று கேட்டால், குதிரையும் காளையும் போக, எமனின் எருமை என்றுதான் சொல்வேன். எடை 450 முதல் 600 கிலோ, அகன்ற முதுகு, அசைபோடும் பெருவயிறு, கூட்டத்தோடு போகும் நிதானம், மூக்கணாங்கயிற்றுக்குப் பழகிய மூக்கு. எருமை மேய்க்கும் சிறுவர்கள் அதன்மேல் உட்கார்ந்து போவதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. பிரேசிலின் மராஜோ தீவில் காவலர்கள் எருமைமேல் ரோந்தே போகிறார்கள். சேற்றில் குதிரை தடுமாறும் இடத்தில் எருமை தன் அகன்ற குளம்பை ஊன்றி நடக்கிறது. விளையாடுகிறவர்கள் டிராகனைத் தேடி அலையும்போது இந்த மிருகம் கண்ணில் படாமல் போவது எனக்கு வருத்தம். அதற்குள்ள ஒரே பெருங்குறை வெயில். குதிரை நுரைக்க நுரைக்க வியர்க்கும்; அந்த நுரைக்குக் காரணமான லாத்தரின் என்ற புரதம் வியர்வையை ரோமத்தின் ஊடே பரவச் செய்து சூட்டை இறக்குகிறது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிடவே மிகக் குறைவு, தோல் கறுப்பு, ரோமம் சொற்பம். வேலூர்க் கோடையில் அது உச்சிவேளைக்குள் தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும்.

வேலூரிலிருந்து ஆம்பூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கும் எருமைக்கு அது காலையும் மாலையும் மட்டும் நடந்து இரண்டு நாளுக்கு மேற்பட்ட வழி. வழி நெடுகப் பாலாறு கூடவே வருகிறது, ஆண்டின் பெரும்பகுதி மணலாக. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு ஊறவைக்கும் தண்ணீரில் கரைந்து, பதனிடும் கழிவோடு சேர்ந்து இந்த வட்டாரத்துக் கிணறுகளைப் பாழாக்கிய கதை உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இதே பகுதியின் இழப்பீட்டைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. சேணத்தின் விலையில் இந்தத் தண்ணீரும் சேர்த்தி. எருமைச் சவாரியை ஆட்டத்தில் வைப்பவர் ஊர்களைக் குறிப்பதற்கு முன்னால் உப்பேறாத குளங்களைக் குறிக்க வேண்டும். சேணமும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். பட்டையில் பதப்பட்ட தோல் நனைந்து நனைந்து காய்ந்தால் வெடிக்கும்; குரோம் தோல் நீரைத் தாங்கினாலும் வயிற்றுவாருக்கு நீளும். ஆகவே முதுகுப்பட்டைக்கு மட்டும் பட்டைத்தோல், வயிற்றுக்குப் பருத்திக் கயிறு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. குளம் கண்ணில் பட்டதும் எருமை தானாகவே அதை நோக்கித் திரும்பிவிடும். அது கரையிறங்கிச் சேற்றில் படுப்பதற்குள் வீரர் இறங்கி, கயிற்றை இழுத்து, சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறியிருக்க வேண்டும்.